ஃப்ராய்ட் தாய்மார் மீது பழி சுமத்தினாரா?

கேள்வி: பாலியல் பிறழ்வுகளுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்பதை ஃப்ராய்ட் நூறாண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். மகனைப் பெற்ற எனக்கு அன்றிலிருந்து உறக்கம் இல்லை. அது உண்மைதானா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உண்மையன்று. உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்ட் அப்படி நிரூபிக்கவில்லை. நிரூபித்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பாலியல் பற்றிய மூன்று கட்டுரைகளை 1905இல் அவர் வெளியிட்டபோது, பிறழ்வு என்பது பரம்பரைச் சீர்கேட்டின் அடையாளம் என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் கருதியிருந்தார்கள். அதற்கான விதை பிறவியிலேயே உண்டு என்பதை ஒப்புக்கொண்ட ஃப்ராய்ட், அது யாரோ சிலரிடம் மட்டுமல்ல, மனிதர் எல்லோரிடமும் உண்டு என்று எழுதினார். நோயாளிக்கும் நமக்கும் நடுவே எழுப்பப்பட்டிருந்த சுவரை இடித்த வாக்கியம் அது. உங்கள் சொற்பொழிவாளர் அதையே கொண்டு இன்னொரு சுவரை எழுப்பியிருக்கிறார்.

தாயைப் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பொருளின் மீதோ உடலின் ஓர் உறுப்பின் மீதோ மட்டுமே வேட்கை குவிந்துவிடுவதைப் பற்றி 1927இல் எழுதிய கட்டுரையில் ஃப்ராய்ட் ஓர் இளைஞரைக் குறிப்பிடுகிறார். மூக்கின் மேல் ஒரு பளபளப்பு தெரிந்தால்தான் அவருக்கு ஈர்ப்பு. அந்தப் பளபளப்போ பிறர் கண்ணுக்குத் தெரியாதது. பளபளப்புக்கு ஜெர்மனில் 'கிளான்ட்ஸ்' என்று பெயர். ஆனால் அவர் குழந்தைப் பருவத்தைக் கழித்தது ஆங்கிலச் சூழலில். பின்னர் ஜெர்மனிக்கு வந்து ஆங்கிலத்தை ஏறக்குறைய மறந்துவிட்டவர். அவர் மனத்தின் அடியில் கிடந்த சொல் 'கிளான்ஸ்', அதாவது பார்வை. மூக்கைப் பார்த்தல் என்பதே மூக்கின் பளபளப்பாக மாறியிருந்தது. தாயின் உடல் தன் உடலைப் போன்றதல்ல என்று அறிந்து அஞ்சும் சிறுவன், அறிந்ததை ஏற்றும் மறுத்தும் ஒரே நேரத்தில் வாழ்கிறான் என்பதும், அந்த மறுப்பின் நினைவுச்சின்னமாக ஒரு பொருள் நின்றுவிடுகிறது என்பதும் ஃப்ராய்ட் தந்த விளக்கம். இதை ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம் (எனக்கு இதில் பாதிக்கு மேல் ஐயம் உண்டு). ஆனால் இங்கே பேசப்படுவது மகனின் கற்பனையில் உள்ள தாய். அவள் அவனை எப்படி வளர்த்தாள் என்பது அன்று.

இதைவிட முக்கியமான ஒன்றை 1920இல், ஓர் இளம்பெண்ணின் வரலாற்றை ஆராயும்போது, அவரே எழுதியிருக்கிறார். விளைவிலிருந்து பின்னோக்கிப் போனால் காரணங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. தொடக்கத்திலிருந்து முன்னோக்கி வந்தாலோ, முடிவு இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடிவதில்லை. உங்கள் மகனின் எதிர்காலத்தை உங்கள் வளர்ப்பைக் கொண்டு எவரும் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் சிலர் தாயை நேரடியாகவே கூண்டில் ஏற்றினார்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். தங்களிடம் சிகிச்சைக்கு வந்த சிலரின் நினைவுகளிலிருந்து அவ்வளவு பெரிய தீர்ப்பை எழுதியது எனக்கு இன்றும் சினமூட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர் 1975இல் சொன்னது எனக்கு ஏற்புடையது: சிறுவயதில் பட்ட அவமானத்தைப் பிற்காலத்தில் வெற்றியாக மாற்றிக்கொள்ளத் துடிக்கும் வெறுப்பே பிறழ்வின் மையம். எது விருப்பம் என்பதைவிட, எதிரே இருப்பவர் மனிதராக நடத்தப்படுகிறாரா என்பதே அப்போது கேள்வியாகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடும், வழக்கத்துக்கு மாறான வேட்கை இருப்பதாலேயே ஒருவரை நோயாளி என்பதில்லை. அவருக்குத் துயரமோ பிறருக்குத் தீங்கோ விளைய வேண்டும் என்கிறது.

1935இல் ஓர் அமெரிக்கத் தாய் தம் மகனைப் பற்றிக் கவலையோடு ஃப்ராய்டுக்கு எழுதினார். தன்பால் ஈர்ப்பு வெட்கப்பட வேண்டியதும் அன்று, நோய் என்று வகைப்படுத்தக்கூடியதும் அன்று என்று அவர் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தில் தாயின் வளர்ப்பைப் பற்றி ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அவரிடம் ஃப்ராய்ட் கேட்டது ஒன்றே: மகனைப் பற்றிய அந்தச் சொல்லை உங்கள் கடிதத்தில் ஏன் எழுதாமல் தவிர்த்தீர்கள்?