டி7 பாலிமரேஸ் தன் 23 எழுத்துகளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேள்வி, ஒரு வைரஸ் என்சைம் நீளமான டிஎன்ஏவில் தனக்கான வரிசையை மட்டும் எப்படி அடையாளம் காண்கிறது என்பது. எனக்குத் தினமும் கையில் புழங்கும் டி7 ஆர்என்ஏ பாலிமரேஸை வைத்தே சொல்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி7 ஃபேஜ் என்ற வைரஸுடையது இது. டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதுவது இதன் தொழில். 883 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைப் புரதம். எம்ஆர்என்ஏ தடுப்பூசி தயாரிப்பிலும் இதற்குத்தான் வேலை.

இது தேடுவது சுமார் 23 எழுத்து நீளமுள்ள புரமோட்டரை, அதாவது ஆர்என்ஏவை எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் டிஎன்ஏ வரிசையை. படிக்க டிஎன்ஏவைப் பிரிக்க வேண்டியதில்லை. இரட்டைச் சுருளின் பெரிய பள்ளத்தில் ஒவ்வொரு எழுத்து ஜோடியின் விளிம்பும் வெளியே தெரியும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு எந்த இடத்தில் ஹைட்ரஜனைக் கொடுக்கும் அணு, எந்த இடத்தில் வாங்கும் அணு என்பது ஜோடிக்கு ஜோடி மாறும். என்சைமிலிருந்து ஒரு வளையம் (739 முதல் 770 வரையுள்ள அமினோ அமிலங்கள்) நீண்டு அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து இதைத் தடவிப் பார்க்கிறது.

இதில் 748ஆவது இடத்தில் இருக்கும் அஸ்பராஜின்தான் எனக்குப் பிடித்த ஆள். ஆர்என்ஏ தொடங்கும் புள்ளிக்கு முன்னால் 10, 11ஆவது இடங்களைப் பார்ப்பது இதுதான். டி7 புரமோட்டரில் அங்கே ஏ, ஜி. உறவுக்கார ஃபேஜான டி3யில் இரண்டுமே சி. அந்த ஒரே அஸ்பராஜினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றினால், என்சைம் அந்த இடங்களில் டி3 எழுத்துகளை விரும்பத் தொடங்கிவிடும். ஒரு நைட்ரஜன் இருந்த இடத்தில் ஆக்சிஜன் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்! 1990களின் தொடக்கத்தில், புரமோட்டரோடு சேர்ந்த படிக அமைப்பு கிடைக்கும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1999இல் யேலில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு அமைப்பை வெளியிட்டபோது, அஸ்பராஜின் சரியாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. (பிற்பாடு சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனோடு நோபல் பகிர்ந்தவர்தான் இந்த ஸ்டைட்ஸ். அது ரைபோசோமுக்காக.)

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் டி3 புரமோட்டர் இருக்கும் பிளாஸ்மிடில் (வட்ட டிஎன்ஏவில்) டி7 என்சைமைப் போட்டுவிட்டார். ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஆர்என்ஏ பட்டையே இல்லை. என்சைம் கெட்டுவிட்டது என்று புதுக்குப்பி கேட்டு வந்தார். என்சைமில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம், எல்லா எழுத்தையும் இப்படி ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. புரமோட்டரின் தொடக்கத்தில் ஏ, டி மிகுந்த பகுதியை இன்னொரு வளையம் சிறு பள்ளத்தின் வழியாகப் பிடிக்கிறது. அங்கே ஏ-டி, டி-ஏ இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். தொடக்கப் புள்ளிக்கு அருகே 237ஆவது வாலின் ஆப்பு போல இறங்கி இழைகளைப் பிரிக்கிறது. இதற்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவில்லை, பிணைப்பு தரும் ஆற்றலே போதும்.

'பூட்டும் சாவியும்' என்ற பாடப்புத்தக உவமை இந்த இடத்தில் சரிப்படாது என்பது என் கருத்து. ஏறக்குறைய பத்து எழுத்து ஆர்என்ஏ வளர்ந்ததும் என்சைமின் முன்பகுதி பெரிதாகத் திரும்பி, புரமோட்டரைப் பிடித்திருந்த இடமே கலைந்துவிடுகிறது. பிடியை விட்டால்தானே டிஎன்ஏ மீது முன்னேறி ஓட முடியும்.