விக்கிப்பீடியாவில் நிறைய எழுதினால் தானாகவே நிருவாகி ஆகிவிடலாமா?

ஆக முடியாது. தானாக வருவது ஆரம்பப் படி மட்டும்தான்: கணக்குத் தொடங்கிச் சில நாள் போனால், புதியவர்களுக்குப் பூட்டி வைத்த பக்கங்களையும் திருத்தலாம். நிருவாகிப் பொறுப்புக்கு வாக்கெடுப்பு உண்டு. சக பயனர்கள் உங்கள் பழைய தொகுப்புகளை, அதாவது நீங்கள் செய்த திருத்தங்களை, தோண்டிப் பார்ப்பார்கள். திருமலை நாயக்கர் மகால் கட்டுரையில் 1636 என்ற ஆண்டை யாரோ மாற்றிவிட்டார் என்று வையுங்கள். சட்டென்று அழித்தீர்களா, சான்று சேர்த்து, அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் பொறுமையாக விளக்கினீர்களா? எண்ணிக்கையைவிட இதுதான் எடுபடும்.

ஆதரவு திரண்டால் பக்கங்களை நீக்க, பூட்ட, விஷமிகளைத் தடுக்க அனுமதி கிடைக்கும். அப்புறமும் கட்டுரைக்குள் உங்கள் சொல்லுக்குத் தனி எடை கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. மதுரைக்காரர் என்றால், இப்போதைக்கு ஆனைமலை, கீழக்குயில்குடி சமணர் மலைப் படங்களை நீங்களே எடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் (Wikimedia Commons) ஏற்றுங்கள்.