வாடகைச் சைக்கிள்: கிழிந்த கியூஆர் குறியீடும் 5 வெள்ளியும்

வணக்கம். நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். வாடகைச் சைக்கிளைப் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழே, சைக்கிள் நிறுத்தத்துக்கான மஞ்சள் கோட்டுக்குள் சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கிருந்த கியூஆர் குறியீடு கிழிந்திருந்ததால் வருடாமல் (ஸ்கேன் செய்யாமல்) பயணத்தை முடித்தீர்கள், நிறுவனம் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடித்துவிட்டது. படிக்கும்போதே எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

2019 ஜனவரி முதல் சிங்கப்பூரில் இதுதான் விதி. கோட்டுக்குள் நிறுத்தினால் மட்டும் போதாது, அங்குள்ள கியூஆர் குறியீட்டையும் வருட வேண்டும். வருடாதவரிடம் நிறுவனம் கட்டணம் வசூலிக்கும்.

இன்றே அந்த இடத்துக்குப் போய், கிழிந்த குறியீட்டையும் மஞ்சள் கோட்டையும் புளோக் எண் தெரியும்படி ஒரே படத்தில் எடுங்கள். பயணம் முடிந்த நேரத்தைக் குறிப்பிட்டு, செயலியின் உதவிப் பகுதியில் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தயங்காதீர்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதிக் குறைகளைத் தெரிவிக்கும் அரசாங்கச் செயலியான ஒன்சர்வீஸிலும் புகார் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவரும் மாட்டிக்கொள்வார்.

தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். ஓர் ஆண்டில் மூன்று முறை இப்படிப் பதிவானால், எல்லா நிறுவனங்களின் சைக்கிள்களையும் தற்காலிகமாக எடுக்க முடியாமல் போகலாம். இனிமேல் குறியீடு பழுதாகத் தெரிந்தால், பயணத்தை முடிக்காமல் பக்கத்துச் சைக்கிள் நிறுத்தத்துக்கு ஓட்டிச் சென்றுவிடுங்கள்.

வாடகை மின்ஸ்கூட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கான உரிம விண்ணப்பங்கள் அனைத்தையும் நிலப் போக்குவரத்து ஆணையம் 2020இல் நிராகரித்துவிட்டது. சொந்த மின்ஸ்கூட்டரையும் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டக் கூடாது, சைக்கிள் பாதையில் மட்டும்தான்.