கல்யாண நாளுக்கு மனைவிக்கு மெக்கானிக்கல் வாட்ச் வாங்கலாமா? பொண்ணுங்களுக்குன்னே செய்யுற காதல் வாட்ச்ல அப்படி என்ன இருக்கு?

வாங்கலாம் தம்பி, தாராளமா வாங்கலாம். கேள்விக்குக் கீழ நீங்க எழுதிருந்ததையும் படிச்சேன், "லேடீஸுக்கு எதுக்கு சாவி குடுக்குற வாட்ச், கல்லு வச்ச பேட்டரி வாட்ச் போதும்"னு கடையில சொன்னாங்கன்னு. அதப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. எங்கப்பா மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் வாட்ச் ரிப்பேர் பாத்தவரு, நானும் அவர்கிட்டதான் தொழில் பழகுனேன், இப்ப அதே மேசையில நான் உக்காந்துருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கையில கட்டுற வாட்ச்ல முதல்ல வந்ததெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான். நெப்போலியனோட தங்கச்சி கரோலின் மூரா, நேபிள்ஸ் ராணி, அவங்க 1810ல ஆர்டர் குடுத்து 1812ல ப்ரெகேங்கற வாட்ச் செய்யுறவரு ஒரு கைக்கடிகாரம் செஞ்சு குடுத்தாரு. 1868ல படேக் பிலிப்ங்கற சுவிஸ் கம்பெனி செஞ்சதும் ஹங்கேரி சீமாட்டி ஒருத்தங்களுக்கு. அப்ப ஆம்பளைங்க சங்கிலி போட்டு பாக்கெட்ல வச்சிருந்தாங்க, முதல் உலகப்போர் வந்தப்புறம்தான் பெருவாரியா கைக்கு மாறுனாங்க. அப்புறம் 1929ல ஜேகர் லெகூல்டர்ங்கற கம்பெனி 101னு வாட்சுக்குள்ள வைக்கிற ஒரு மெஷின் செஞ்சாங்க, மொத்த எடையே ஒரு கிராம் பக்கம்தான், 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுல கட்டிருந்த வாட்ச்ல இருந்தது அந்த மெஷின்தான். இவ்வளவும் நடந்தப்புறம் குவார்ட்ஸ் வந்துச்சு, உள்ள பேட்டரி, மேல கல்லு, இதான் லேடீஸ் வாட்ச்னு ஆக்கிட்டாங்க.

இப்ப நீங்க கேட்ட காதல் வாட்ச். இதுல பேர் போனது வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் 2010ல கொண்டுவந்த பான் தெஸ் அமூரோ, காதலர் பாலம்னு அர்த்தம். பாரிஸ் நகைக்கடை அவங்க, 1895ல ஆல்ஃபிரெட் வான் கிளீஃபுக்கும் எஸ்டெல் ஆர்பெல்ஸுக்கும் கல்யாணம் நடந்து ரெண்டு குடும்பமும் சேர்ந்ததுல வந்த பேருதான் அது, 1906ல கடை போட்டாங்க.

டயல்ல ஒரு பாலம். ஒரு பக்கம் குடை புடிச்ச பொண்ணு, அவதான் மணி முள்ளு. இன்னொரு பக்கம் முதுகுக்குப் பின்னாடி ரோஜாவ மறைச்சு வச்சிருக்க பையன், அவன் நிமிஷ முள்ளு. அவ பாலத்துல அவ பக்கத்த ஏறி நடுவுக்கு வர 12 மணி நேரம் ஆகும், பையப் பைய நடக்குறா. அவனுக்கு 60 நிமிஷம்தான். அப்ப என்ன ஆகுதுன்னு யோசிங்க, ஒவ்வொரு மணிக்கும் அவன் நடுப்பாலத்துக்கு வந்துர்றான், அவ இன்னும் வந்து சேரல, திரும்பிப் போறான், மறுபடி வர்றான், இப்படி 11 தடவ வெறுமனே போய் 12வது தடவதான் ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறாங்க, முத்தம். மத்தியானம் ஒண்ணு, நடுராத்திரி ஒண்ணு. நம்ம மதுரைக்காரங்களுக்கு இத விளக்கவே வேணாம், தெனமும் ராத்திரி சொக்கநாதர் பல்லக்குல மீனாட்சியோட பள்ளியறைக்குப் போறதப் பாத்து வளந்தவங்க நாம. எனக்கு அந்த முத்தத்த விட, சேராமத் திரும்பிப் போற அந்த 11 தடவதான் புடிச்சிருக்கு.

இதுக்கு உள்ள நடக்குறது ரெட்ரோகிரேட். சாதா முள்ளு மாதிரி வட்டமா சுத்தாது. நத்தை வடிவத்துல ஒரு தகடு சுத்தும், அதோட ஓரத்த ஒட்டி ஒரு சின்ன கை ஏறிக்கிட்டே போகும், விளிம்பு முடியுற எடத்துல கை சடக்குன்னு விழும், ஸ்பிரிங் முள்ள ஆரம்பிச்ச எடத்துக்கே இழுத்துரும். விழுகுறப்ப முள்ளு துள்ளக்கூடாது, வாட்சுக்கு இதயம் மாதிரி ஆடிக்கிட்டே இருக்க பேலன்ஸ் வீலோட ஓட்டத்தையும் கெடுக்கக்கூடாது, கஷ்டம் அதுலதான். ஜெனீவாவுல அஜெனோர்ங்கற பட்டறை வச்சிருக்க ஜான் மார்க் வீடர்ரெக்ட் செஞ்ச வேலை இது, அந்த வருஷமே ஜெனீவா கிராண்ட் பிரீங்கற வாட்ச் விருதுல பெண்கள் வாட்ச் பரிசும் இதுக்குக் கெடச்சுது. டயலும் சும்மா இல்ல, கருப்பு எனாமல், அதாவது சுட்டு எடுக்குற கண்ணாடிப் பூச்சு, அது மேல வெள்ள எனாமல மெல்லிசா வச்சு, சூளையில போட்டு எடுத்து, மறுபடி வச்சு மறுபடி சுட்டு, அப்படித்தான் அந்த ராத்திரி வெளிச்சம் வருது. பின்னாடி வந்த மாடல்ல பட்டன் அழுத்துனா எப்ப வேணும்னாலும் ரெண்டு பேரும் நடந்து வந்து சேருவாங்க. எனக்கு அந்தப் பட்டன்ல இஷ்டமில்ல, காத்திருக்கறதுதான அங்க கதையே.

வைரத்தக் கழட்டி எடுத்துட்டாலும் அந்த வாட்ச்ல காதல் இருக்கும், ஏன்னா அது மெஷினுக்குள்ள இருக்கு. பொம்பளைங்க வாட்ச்னா இப்படி யோசிச்சு செய்யணும்.

விலை நமக்கு ஆகாது, கோடி ரூபாய்ல பேசணும். அதுக்காக விட்டுறாதீங்க. 1961ல பெங்களூர்ல ஜப்பான் சிட்டிசன் கூட சேர்ந்து வாட்ச் செய்யத் தொடங்குன நம்ம அரசாங்கக் கம்பெனி எச்எம்டி, பொம்பளைங்களுக்குன்னு சுஜாதா மாதிரி சாவி வாட்ச் போட்டுச்சு, 2016ல அந்த வாட்ச் கம்பெனிய மூட முடிவெடுத்துட்டாங்க, ஆனா பழசு இன்னும் கெடைக்கும். திருமங்கலத்துல இருந்து ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா எங்க கடைக்கு வருவாங்க, கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் குடுத்த சுஜாதா. அவர் இப்ப இல்ல. பின்மூடியத் தொறந்து ஐகிளாஸ் வச்சுப் பாத்தா பேலன்ஸ் வீல் இன்னும் கிறுகிறுன்னு ஓடுது, சாவித்தலை மட்டும் பல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு, காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி தெனமும் அவங்க விரல் பட்டுப்பட்டுத் தேஞ்சது. புது சாவித்தலை போட்டுத் தரவாம்மான்னு கேட்டேன், வேணாம்னுட்டாங்க.

ஆன்லைன்ல "புதுசு மாதிரி"ன்னு பளபளன்னு வர்ற எச்எம்டி எதையும் தொடாதீங்க, பாதிக்கு மேல டயலுக்குப் பெயிண்ட் அடிச்சு ஒட்டுப்போட்ட சரக்கு. கொஞ்சம் மங்குன ஒரிஜினல் டயலே மேல். சாவி குடுக்காம கை அசைவுலயே ஓடுற ஆட்டோமேட்டிக்கா வேணும்னா ஜப்பான் கம்பெனிங்க போடுற லேடீஸ் மாடல் பாருங்க.

வாங்கிட்டா ஹேண்ட்பேக் காந்தப் பூட்டுக்கிட்டயும் காந்தம் வச்ச மொபைல் கவர்கிட்டயும் வைக்க வேணாம்னு அவங்ககிட்ட சொல்லிருங்க, பேலன்ஸ் வீல ஆட்டுற ஹேர்ஸ்பிரிங்கோட சுருள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டா வாட்ச் கன்னாபின்னான்னு முந்தும். நம்மூர் வேர்வைக்கு தோல் ஸ்ட்ராப் தாங்காது, செயினே போடுங்க. சர்ப்ரைஸ்னு நீங்களா எடுத்துட்டு வராம கடைக்கு கூட்டிட்டுப் போய் அவங்க கையால ஒரு தடவ சாவி குடுக்கச் சொல்லிப் பாருங்க, புடிச்சிருந்தா மூஞ்சியிலயே தெரியும். சர்வீஸ் யார் பண்ணுவாங்க, எத்தன வருஷம் கேரண்டின்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க.