எழும்பூரில் ஒரு குவிமாடம்

அன்புள்ள ஐயா,

உலகின் பழம்பெரும் கட்டடங்களைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றைத் தொலைக்காட்சியில் குடும்பத்தோடு பார்த்து வருகிறோம். போன வாரம் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா, தேவாலயமாகக் கட்டிப் பின்னால் மசூதியான பிரம்மாண்டம். முடிந்ததும் என் மகள், "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணுமே இல்லையாப்பா?" என்றாள். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "சென்னைல?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தொடர்களால் ஏக்கம்தான் மிஞ்சுமோ?

ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

மகள் அப்படிக் கேட்டதே அந்தத் தொடரால் கிடைத்த பெரிய லாபம். நானும் இத்தகைய தொடர்களை விடாமல் பார்ப்பவன். எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. டிரோனில் கோபுரத்தைச் சுற்றிச்சுற்றிக் காட்டுகிறார்கள். அத்தனை எடையும் எப்படி நிற்கிறது என்பதை மட்டும் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஹாகியா சோபியாவின் கதையே அந்த எடையில்தான் இருக்கிறது. 532இல் தொடங்கி 537இல் முடித்தார்கள். சுமார் 100 அடி விட்டமுள்ள குவிமாடம். முதலில் கட்டியது சற்றுத் தட்டை. மாடம் தட்டையாக இருக்க இருக்க, தாங்கும் சுவர்களைப் பக்கவாட்டில் அதிகமாக நெட்டித் தள்ளும். நிலநடுக்கங்களும் சேர்ந்துகொள்ள, 558இல் இடிந்து விழுந்தது. இளைய இசிடோர் என்பவர் அதை இன்னும் உயர்த்தி, வளைவைக் கூட்டி, 562இல் முடித்தார். அப்புறமும் இரண்டு முறை பகுதி பகுதியாக விழுந்து சரிசெய்திருக்கிறார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது அந்தத் திருத்தங்களையும் சேர்த்துத்தான்.

சரி, சென்னைக்கு வருவோம். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கிறது. 'கிர்க்' என்பார்கள்; ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம் என்று பொருள். தாமஸ் டி ஹாவிலேண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கட்டி, 1821இல் திறந்தது. உள்ளே 16 தூண்கள் வட்டமாக நிற்க, அவற்றின்மேல் சுமார் 51 அடி விட்டத்தில் ஒரு மாடம். இஸ்தான்புல் மாடத்தில் ஏறக்குறைய பாதி. உட்பக்கம் நீல வானமும் நட்சத்திரங்களுமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. அந்த நிலம் சதுப்பு. சாதாரண அஸ்திவாரம் போட்டால் இவ்வளவு கனம் புதைந்துவிடும். அதனால் டி ஹாவிலேண்ட் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை உட்காரவைத்தார். கிணறு இறக்குவது நம் ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேலை. உறைக்கிணறு தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்: உள்ளே மண்ணை அள்ள அள்ள, உறை தன் கனத்திலேயே கீழே இறங்கும். ஐரோப்பிய பாணியில் ஒரு மாடம், அதன் காலடியில் நம் கிணறுகள். இருநூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. ஒரு தொடர் இதற்கு முழுசாக ஒரு மணி நேரம் கொடுத்தால் நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

மகளை அங்கே கூட்டிப்போங்கள். மாடத்தின் நடுவே நிறுத்தி, முதலில் தூண்களை எண்ணச் சொல்லுங்கள். மேலே இருக்கும் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று கேளுங்கள். கிணறுகளைப் பற்றி அவள் யோசித்துப் பார்த்த பிறகு சொன்னால் போதும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.