இடித்தது அவர், உடைத்தது நான்: வழக்கு யார் மேல்?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். போன வாரம் மனைவியோடு பைக்கில் ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மேலிருந்து இறங்கிய கார் என் பக்கத்துக்கே வந்து இடித்துவிட்டது. மனைவிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. இறங்கி வந்தவர் "ஓரமா ஓட்டத் தெரியாதா?" என்று என்னையே திட்டினார். ஆத்திரத்தில் ஹெல்மெட்டால் கார் மிரரை உடைத்துவிட்டேன், சட்டையையும் பிடித்தேன். இப்போது அவர் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். விபத்து பற்றி நான் புகாரே கொடுக்கவில்லை. மிரரை உடைத்ததால் இனி விபத்து கேஸ் நிற்காது என்கிறார் நண்பர். அப்படியா?

பதில்: நிற்கும். அன்றைக்கு அந்த வளைவில் நடந்தவை சட்டத்தின் கணக்கில் இரண்டு சம்பவங்கள். கார் இடித்தது ஒன்று, அதற்குப் பிறகு நீங்கள் கை ஓங்கியது இன்னொன்று. முதலாவதில் குற்றம் சாட்டப்படுபவர் அவர், இரண்டாவதில் நீங்கள். ஒன்றைக் காட்டி மற்றதைக் கழித்துவிட முடியாது. உங்கள் சிக்கலே வேறு: இரண்டாவது மட்டும்தான் இப்போது காகிதத்தில் இருக்கிறது.

முதலில் விபத்து. "பெரிய வண்டி மேலதான் தப்பு" என்று கூடுகிற கூட்டம் சொல்லும். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. யார் யாருடைய பக்கத்தில் வந்தார் என்பதுதான் பேச்சு. 2017-இன் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைப்படி, மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். நீங்கள் ஏறினீர்கள். அது உங்களுக்குச் சாதகம். ஆனால் நீங்களும் இடது ஓரத்தில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். ஏற்காடு சாலையின் 20 வளைவுகளிலும் பஸ் திரும்பும்போது இடம் கேட்டு அகலமாக வரும், பைக்காரர்கள் நடுவில் சாய்ந்து திருப்புவார்கள். இரண்டு தரப்புக்கும் வழக்கமான பழக்கம் இது. கொஞ்சம் தப்பு உங்கள் பேரிலும் ஏறினால், உங்கள் நஷ்டஈட்டில் அந்த விகிதம் குறையும். நஷ்டஈட்டை முடிவு செய்கிற மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் 3 லட்சம் என்று கணக்கிட்டு, 25 சதவீதம் உங்கள் கவனக்குறைவு என்று சொன்னால் கையில் 2.25 லட்சம்.

ரோட்டில் கிடந்த கண்ணாடிச் சில்லும் டயர் கோடும் இந்நேரம் போயிருக்கும். மிச்சம் இருப்பது வண்டிகள்தான். பைக்கை ரிப்பேருக்கு விட்டுவிடாதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும்போது, காரின் வலது முன் மூலைச் சிராய்ப்பும் உங்கள் கிராஷ் கார்டின் வலது பக்க வளைவும் ஒரே உயரத்தில் இருந்தால் அது சாட்சி சொல்லும். நீங்கள் உடைத்த மிரர் இங்கேதான் இடைஞ்சல். காரில் இருக்கிற சேதம் எல்லாமே ஹெல்மெட்டால் வந்தது என்று அவர் வாதிடலாம்.

உங்கள் மனைவியின் நிலை உங்களைவிடப் பலமானது. அவர் பின்னால் உட்கார்ந்திருந்தவர், ஓட்டவில்லை. இரண்டு ஓட்டுநர்களும் தப்பு செய்திருந்தாலும், மூன்றாம் நபர் முழுத் தொகையையும் ஒருவரிடமே வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. அதாவது உங்கள் பங்குத் தப்பைக் காட்டி மனைவியின் தொகையைக் கார் இன்சூரன்ஸ் குறைக்க முடியாது. அவர் ஹெல்மெட் போடவில்லை என்றாலும் அபராதம் வேறு, மணிக்கட்டு முறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில், தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம் கேட்கலாம். 166-இல் போனால் தப்பை நிரூபிக்க வேண்டும், தொகை கூடவும் குறையவும் செய்யலாம். இரண்டில் ஒன்றில்தான் வாங்கலாம், இரண்டிலும் சேர்த்து வாங்க முடியாது. 166-இல் மனு போடுவதென்றால் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சேலத்திலேயே போடலாம்.

அப்புறம் உங்கள் மேல் உள்ள புகார். மிரர் உடைத்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 324-ஆம் பிரிவு. சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் தண்டனையின் உச்சவரம்பு 6 மாதத்திலிருந்து 2 வருடமாகிறது. இப்போதைய கார்களில் மோட்டார், கேமரா எல்லாம் வைத்த மிரருக்கு அந்த அளவு பில் வருவது ஆச்சரியமில்லை, எனவே பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சட்டையைப் பிடித்தது தனி. திடீர் ஆத்திரமூட்டலில் அடித்தால் தண்டனை குறையும், ஆனால் குற்றம் குற்றம்தான். ஒரு அடிதானே என்று நினைப்பவர்கள் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து வழக்கைப் பார்க்கலாம்: 1988-இல் பஞ்சாபின் பாட்டியாலாவில் ரோட்டுத் தகராறு, அவர் அடித்த 65 வயதுக்காரர் இறந்தார். உச்ச நீதிமன்றம் 2018-இல் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது, 2022-இல் அதையே மறுஆய்வு செய்து ஒரு வருடச் சிறை கொடுத்தது.

இனி தாமதிக்காதீர்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்லும் பொறுப்பு கார்க்காரருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. தாமதமான புகார் என்ற ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டு மனுவைத் தள்ள முடியாது, மனைவியின் சிகிச்சையில் இருந்தேன் என்று காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். எங்கள் எல்லை இல்லை என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவு. புகாரை வாங்கியதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல், வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மனைவியை முதலில் பார்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும், எக்ஸ்ரேவையும் வாங்கி வையுங்கள். யாராவது வீடியோ எடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் வந்தது போதாது, எடுத்த போனிலேயே அது அழியாமல் இருக்க வேண்டும்.

ஸ்டேஷனில் 'இருதரப்பும் சமாதானம்' என்று ஒரு தாளை நீட்டக்கூடும். மிரருக்குப் பணம் கொடுத்து உங்கள் மேல் உள்ள புகாரை முடித்துக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன், அது புத்திசாலித்தனமும்கூட. ஆனால் அந்தத் தாளில் விபத்தைப் பற்றியும் காயத்தைப் பற்றியும் ஒரு வரிகூட வேண்டாம். நஷ்டஈடு கேட்கும் உரிமை உங்கள் மனைவியுடையது. நீங்கள் கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுக்க முடியாதுதான். ஆனாலும் இன்சூரன்ஸ் வக்கீல் அந்தத் தாளைத் தீர்ப்பாயத்தில் நீட்டத்தான் செய்வார்.