ஜிர்கோனியா கேப் திரும்பத் திரும்பக் கழன்று வந்தால்

திருமங்கலத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர் ஒருவர் கேட்கிறார்: "கீழ்த்தாடை செகண்ட் மோலாருக்கு (இரண்டாவது கடைவாய்ப்பல்) வைத்த ஜிர்கோனியா கிரௌன் (பல்லின் மேல் மாட்டும் கடினப் பீங்கான் கேப்) ஒரே வருடத்தில் இரண்டு தடவை கழன்றுவிட்டது. மதுரை லேபில் உள்பக்கத்தை சாண்ட்பிளாஸ்ட் (காற்றழுத்தத்தில் நுண்துகளை அடித்துச் சொரசொரப்பாக்குவது) செய்துதான் அனுப்புகிறார்கள். ட்ரை-இன் (ஒட்டும் முன் வாயில் வைத்துப் பொருத்தம் பார்ப்பது) பார்த்ததும் கிரௌனுக்குள் 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் போட்டுக் கழுவி, செல்ஃப்-அட்ஹெசிவ் ரெசின் சிமென்ட்டில் (பல்லில் தனிப் பசை தடவாமலே ஒட்டுவது) ஒட்டுகிறேன். ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் வைத்தால் பிடிமானம் கிடைக்குமா?"

கிடைக்காது டாக்டர். ஈமேக்ஸ் போன்ற கண்ணாடிப் பீங்கானில் அந்த ஆசிட் கண்ணாடிப் பகுதியை அரித்துச் சொரசொரப்பாக்கும். சைலேன் என்ற இணைப்புத் திரவம் அங்கே உள்ள சிலிக்காவோடு பிணையும். ஜிர்கோனியாவில் கண்ணாடியே கிடையாது. அரிக்கவும் ஒன்றுமில்லை, வெறும் சைலேன் பிடிக்கவும் ஒன்றுமில்லை. அந்த பாட்டிலை இந்த வேலைக்குத் திறக்கவே வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே காரணம் இருக்கிறது: ட்ரை-இன் பார்த்த பிறகு போட்ட பாஸ்பாரிக் ஆசிட். எச்சிலில் உள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ப்ரைமரிலும் (சிமென்ட்டுக்கு முன் தடவும் திரவம்) சிமென்ட்டிலும் உள்ள எம்டிபி என்ற மூலக்கூறும் தன் பாஸ்பேட் முனையால்தான் ஜிர்கோனியாவில் ஒட்ட வேண்டும். எச்சில் ஏற்கெனவே உட்கார்ந்த இருக்கையில் எம்டிபிக்கு இடமில்லை. அதன் மேல் பாஸ்பாரிக் ஆசிட்டையும் ஊற்றினால் மிச்சமிருக்கும் இடமும் பாஸ்பேட்டால் நிரம்பிவிடும். கண்ணுக்குப் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். ஒட்டுவதற்கு மட்டும் உதவாது. லேபில் செய்த சாண்ட்பிளாஸ்டின் பலனும் வாய்க்குள் ஒரு தடவை போய் வந்ததோடு தீர்ந்தது.

ஆனாலும் முதலில் கழன்ற கிரௌனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிமென்ட் முழுக்கப் பல்லிலேயே இருந்து, கிரௌன் உள்ளே வெறுமையாக இருந்தால், விட்டுப்போனது ஜிர்கோனியா பக்கம். சிமென்ட் கிரௌனுக்குள்ளேயே வந்திருந்தால் பல் பக்கம் கோளாறு: தற்காலிக சிமென்ட்டின் மிச்சம், ஈரம், அல்லது டென்டினை (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல் பகுதி) ஆசிட் போட்டு எட்ச் செய்தது, அதாவது அரித்தது. செல்ஃப்-அட்ஹெசிவ் சிமென்ட்டுக்கு டென்டினை எட்ச் செய்யக் கூடாது; திறந்த கொலாஜன் இழைகளுக்குள் அந்தச் சிமென்ட் சரியாக இறங்காது. இரண்டு பக்கமும் துண்டு துண்டாக ஒட்டியிருந்தால் சிமென்ட் முழுதாக இறுகவில்லை என்றோ, பிரெப்பே (கிரௌனுக்காகச் செதுக்கிய பல்லின் வடிவம்) பிடித்து நிறுத்தவில்லை என்றோ சந்தேகப்படுங்கள்.

ஜிர்கோனியா பக்கம் என்றால் வேலையின் வரிசையை மாற்றுங்கள். ட்ரை-இன், மார்ஜின் (கிரௌன் விளிம்பு), பைட் (கடி) எல்லாம் முடிந்த பிறகுதான் சாண்ட்பிளாஸ்ட். அதுவும் உங்கள் கிளினிக்கிலேயே. 50 மைக்ரான் அலுமினா, 2 பார் அழுத்தம் (ஏறக்குறைய 30 பிஎஸ்ஐ), முனைக்கும் கிரௌனுக்கும் 10 மில்லிமீட்டர் இடைவெளி, 10 முதல் 15 விநாடி. உள்சுவரில் மார்க்கர் பேனாவால் தீட்டிவிட்டு மை முழுக்கப் போகும்வரை முனையை அசைத்துக்கொண்டே அடித்தால் எந்த மூலையும் விடுபடாது. பல இடங்களில் மைக்ரோஎட்ச்சரை (கையடக்க சாண்ட்பிளாஸ்டர்) அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் நேராக கம்ப்ரஸரில் மாட்டிவிடுகிறார்கள். அப்போது 5, 6 பார் வேகத்தில் அடித்து ஜிர்கோனியாவில் நுண்விரிசலே விழும். முன்பல்லுக்கு வரும் ஒளி ஊடுருவும் 5ஒய் (இட்ரியா அதிகம் கலந்த) ஜிர்கோனியா வகைக்கு 1 பார் போதும். இட்ரியா குறைவான 3ஒய் வகையைப்போல் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் குணம் அதற்கு இல்லை.

சாண்ட்பிளாஸ்டர் இல்லையென்றால் ஐவோக்ளீன், கட்டானா க்ளீனர் போன்ற ஜிர்கோனியாவுக்கான க்ளீனரைப் பயன்படுத்தலாம். ஐவோக்ளீன் 20 விநாடி வைத்து, நன்றாகக் கழுவி, உலர்த்துங்கள். எச்சிலை எடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. சொரசொரப்பு வேண்டுமென்றால் சாண்ட்பிளாஸ்ட்தான்.

அடுத்தது எம்டிபி ப்ரைமர். மெல்லியதாக ஒரு கோட் தடவி, காற்றால் உலர்த்தி, கழுவாமல் உடனே சிமென்ட் நிரப்புங்கள். குளம் கட்ட விடாதீர்கள். சிமென்ட்டிலேயே எம்டிபி இருந்தால் தனி ப்ரைமர் தேவையில்லை என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. குட்டையான பல்லில் அந்தச் சிக்கனம் வேண்டாம். காற்று என்றதும் இன்னொன்று: காற்றும் தண்ணீரும் பீய்ச்சும் த்ரீ-வே சிரிஞ்சை முகம் பார்க்கும் கண்ணாடி மேல் பத்து விநாடி ஊதிப் பாருங்கள். பனிபோல் படிந்தாலோ எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தாலோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ப்ரைமரும் வீண். ஐப்பசி மழையில் கம்ப்ரஸர் டேங்க்கில் தண்ணீர் சேரும், தினமும் வடித்துவிடுங்கள்.

சித்திரை வெயிலில் வேறு சிக்கல். சிமென்ட் பெட்டியில் போட்டிருக்கும் வேலை நேரம் சாதாரண அறை வெப்பத்துக்கானது. ஏசி ஓடாத மத்தியானத்தில் அது சுருங்கி, கிரௌன் முழுதாக உட்காரும் முன்பே கெட்டியாகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலை எடுத்தவுடன் திறந்தால் ஈரம் கோர்க்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

பல் பக்கம் யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கலந்த தற்காலிக சிமென்ட் கூடாது. ரெசின் இறுகுவதை அது தடுக்கும். எண்ணெய் கலக்காத ப்யூமிஸால் தேய்த்துக் கழுவி, டென்டினை வறள விடாமல் லேசாக உலர்த்துங்கள். கிரௌனை அழுத்தி உட்காரவைத்து, இரண்டு மூன்று விநாடி மட்டும் லைட் காட்டி, பிதுங்கிய சிமென்ட் ரப்பர் பதத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பிறகு பக்கத்துக்கு 20 விநாடி. பின்பல் ஜிர்கோனியா வழியாக வெளிச்சம் அதிகம் உள்ளே போகாது. அதனால் வெளிச்சம் படாத இடத்திலும் தானே இறுகும் டூயல்-க்யூர் சிமென்ட்டாகவே இருக்கட்டும். கம்பெனி சொன்ன நேரம் முடியும்வரை காட்டன் ரோலைக் கடித்தபடி இருக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் நல்லி எலும்பு, சீவல், முறுக்கு வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கழன்றால் பிரெப்பைத்தான் பார்க்க வேண்டும். மோலாருக்குச் சுவர் உயரம் 4 மில்லிமீட்டராவது வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களின் மொத்தச் சாய்வு 10 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். செகண்ட் மோலாரில் இந்த உயரம் கிடைப்பது அரிது. அப்போது மீசியல் (முன்), டிஸ்டல் (பின்) பக்கங்களில் ஒவ்வொரு க்ரூவ் (நீளப் பள்ளம்) போடுங்கள். கத்தி போன்ற கூர்மையான க்ரூவுக்கு ஏற்றபடி கிரௌனின் உள்பக்கத்தை லேபின் மில்லிங் பர்ரால் கடைய முடியாது. உருண்டை முனையுள்ள பர்ரால் அகலமாகப் போட வேண்டும். சுவர் 3 மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் ஈறு அறுவை செய்து உயரம் கூட்டுவதைப் பற்றி நோயாளியிடம் பேசிவிடுவது நல்லது. மாறாக, உயரமும் சாய்வும் நன்றாக அமைந்த பல்லுக்கு இந்தச் சடங்கு எதுவும் தேவையில்லை. ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் சிமென்ட்டே போதும்.

லேப் சீட்டில் இரண்டு வரி சேருங்கள்: கிரௌன் உள்ளே கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) ஸ்ப்ரே படக் கூடாது, சிமென்ட் இடைவெளியைத் தாராளமாக வைக்கக் கூடாது. உள்ளே கிளேஸ் படிந்தால் அந்த இடத்தில் ஜிர்கோனியாவே வெளியே தெரியாது. எம்டிபிக்குப் பிடிமானம் இல்லை. கழன்ற அதே கிரௌனைத் திரும்ப வைக்கலாமா என்றால், மார்ஜின் சரியாக உட்கார்ந்து, பின்னாலிருந்து லைட் அடித்துப் பார்க்கையில் விரிசல் தெரியாவிட்டால், பழைய சிமென்ட்டை முழுக்க சாண்ட்பிளாஸ்டால் எடுத்துவிட்டு வைக்கலாம். வைப்பதற்கு முன் தாடையைப் பக்கவாட்டில் அசைக்கச் சொல்லி ஆர்டிகுலேட்டிங் பேப்பரில் (கடி படும் இடத்தைக் காட்டும் வண்ணத்தாள்) பாருங்கள். அங்கே இடித்தால் தேய்த்துக் குறைத்து, தேய்த்த இடத்தை மினுமினுவென்று பாலிஷ் செய்தே விடுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.